பழைய வீட்டுக்கு யார் பணம் தருவார்கள்?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. இன்றைக்கு அதற்கு ஏகப்பட்ட பங்காளிகள். ஓடு சரிந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பழுது பார்க்க அரசாங்கப் பணம் கிடைக்குமா?
*— ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்*

பதில்: கிடைக்கும் என்று நம்பி இன்னொரு மழைக்காலத்தைக் கடத்திவிடாதீர்கள் சகோதரி. தொல்லியல் துறை செலவு செய்வது, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அது அறிவித்த இடங்களுக்கு மட்டும்தான். 1996-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியப் பண்பாட்டு நிதியும் பெரும்பாலும் அதே சின்னங்களுக்கே போகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் (பின்னால் பரிசீலிக்கலாம் என்று குறித்து வைக்கும் பட்டியல்) ஏறியது நமக்கெல்லாம் பெருமைதான், ஆனால் அதனால் உங்கள் வீட்டுக்கு ஒரு ஓடுகூட வராது.

அதனால் முதல் பணம் குடும்பத்திலிருந்துதான் வரவேண்டும். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வந்து கூடுவார்கள் இல்லையா, அன்றைக்கே பேச்சை எடுங்கள். வீட்டின் பேரில் ஒரு பொதுக் கணக்கு, ஆளுக்கு வருஷத்துக்கு இவ்வளவு, வெளிநாட்டில் இருப்பவருக்கும் இதே கணக்கு. சேர்கிற பணத்தில் முதலில் கூரையைப் பாருங்கள், தரையும் சுவரும் அப்புறம். இரண்டு கூரைகள் சேரும் கூடல்வாயில் தகடு ஓட்டையானால் தண்ணீர் நேராக மரச்சட்டத்தில் இறங்கும், வெளியே தெரியாமலேயே பர்மாத் தேக்கும் உளுத்துப்போகும். தகடு மாற்றும் செலவு சின்னது, விட்டுவிட்டால் வீட்டின் ஒரு கட்டே (முற்றத்தைச் சுற்றிய ஒரு பகுதியே) சாய்ந்துவிடும். சாய்ந்த வீட்டின் தூணும் கதவும் எந்தப் பழம்பொருள் கடைத்தெருவுக்குப் போய்ச் சேரும் என்று காரைக்குடிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு தெருவையே சீரமைத்தார்களாமே, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?
*— ஒரு வாசகர், கும்பகோணம்*

பதில்: வைசியாள் வீதியைச் சொல்கிறீர்கள். ஆசிய நகரங்களுக்கு உதவ ஐரோப்பிய ஒன்றியம் நடத்திய ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் 2002 முதல் 2004 வரை நடந்த வேலை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்நின்று செய்தது. எனக்குப் பிடித்த விஷயம், பணத்தைச் சும்மா அள்ளிக் கொடுக்கவில்லை. வீட்டுக்காரரும் செலவில் பங்கு போட்டார், திட்டமும் போட்டது. தன் கைப்பணம் போனதால் அவரே பக்கத்தில் நின்று வேலையைப் பார்ப்பார், நாளைக்கு இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டவும் மனசு வராது. தெருப்பக்கம் மரத்தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதன் உள்ளே திண்ணை, இரண்டும் வரிசையாகத் திரும்பி வந்தபோது அந்த வீதிக்கே முகம் வந்துவிட்டது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது.

அதே ஊரின் கடற்கரையில் இருந்த, பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடத்தையும் பாருங்கள். வருஷக்கணக்காகப் பழுது பார்க்காமல் விட்டு, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கிப் பணத்தில் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அது புதுக்கட்டடம். கோடிகளில் போன அந்தப் பணத்தில் கொஞ்சத்தை முன்னாலேயே செலவழித்திருந்தால் பழையதே நின்றிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

கும்பகோணத்திலும் நகராட்சி மனசு வைத்தால் ஒரே ஒரு தெருவில் இப்படித் தொடங்கலாம். பணத்துக்கு ஒரு வழியும் இருக்கிறது: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2000-இல் வந்த சட்டப்படி, ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தால் சொத்துவரிமேல் அதிகபட்சம் 3% கூடுதலாக வசூலிக்கலாம், மாநில அரசும் தன் பங்கைச் சேர்க்கும், அதில் குறைந்தது 10% பழைய கட்டடங்களுக்கு. நம் ஊரில் வரி என்றாலே முகம் சுளிப்பார்கள், தெரியும். ஆனால் பணம் எந்தக் கட்டடத்துக்குப் போகிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தால் மக்கள் கொடுப்பார்கள் என்றே நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பழைய சத்திரத்துக்குக் கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் பணம் கேட்கலாமா?
*— ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்*

பதில்: தாராளமாகக் கேட்கலாம். சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம். அதை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்றுக் கட்டடச் சீரமைப்பும் இருக்கிறது. ஆனால் தனி ஆள் கையில் பணம் தரமாட்டார்கள், அந்தப் பணத்தை வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு உள்ள அறக்கட்டளை வேண்டும். புதிதாகத் தொடங்கினால் மூன்று வருஷ அனுபவம் கேட்பார்கள், ஆகவே ஏற்கெனவே இயங்கும் ஒன்றோடு சேருங்கள். சத்திரம் யார் பேரில் இருக்கிறது என்ற பத்திரத்தையும், அந்த உரிமையாளரின் (அரசுத் துறையானால் அந்தத் துறையின்) எழுத்துபூர்வமான சம்மதத்தையும் முதலில் வாங்குங்கள். மதிப்பீட்டைப் பழைய கட்டட வேலை தெரிந்த பொறியாளரிடம் போடச் சொல்லுங்கள், சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்ட் பூசச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.