வாரிசு இல்லையென்று பரம்பரை மாளிகையைத் தானமாகக் கொடுப்பது முட்டாள்தனம் இல்லையா? வெளிநாட்டில் யாராவது அப்படிச் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். "முட்டாள்தனம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். உங்கள் வீட்டிலும் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஏதோ எழுதிவைக்கப் போகிறார் போலிருக்கிறது.

நான் இருப்பது வேல்ஸில், ரெக்ஸம் ஊரில். பக்கத்திலேயே எர்திக் மாளிகை. 1733 முதல் யார்க் குடும்பத்துச் சொத்து. அண்ணன் 1966-இல் இறந்ததும் பிலிப் யார்க் கைக்கு வந்தது. இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. அடியில் நிலக்கரி தோண்டியதில் மாளிகையின் ஒரு பக்கம் 5 அடி வரை இறங்கியிருந்தது. கூரை ஒழுகியது, மின்சாரம் கிடையாது. 1973-இல் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார்; பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் அறக்கட்டளை அது. உள்ளே இருக்கும் எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது நிபந்தனை.

என் மாமனார் வந்திருந்தபோது அங்கே கூட்டிப்போனேன். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர். வெள்ளிச் சாமான், பட்டுக் கட்டில் எதையும் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்கப்போட்டு, "மாப்பிள்ளை, வாட்டம் எந்தப் பக்கம்னு பாப்போம்" என்றார். காவலுக்கு இருந்த அம்மா ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, மராமத்துக் கதை முழுவதையும் விளக்கினார். நிலக்கரி வாரியத்தின் நஷ்ட ஈடு, தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை விற்ற பணம் எல்லாம் அதற்கே போனதாம். நான் மொழிபெயர்த்தே களைத்துப்போனேன். கீழே வேலைக்காரர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. 1790-களில் பிலிப் யார்க் என்றே பெயருள்ள முன்னோர் ஒருவர் வரையச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் பாட்டும் எழுதியிருக்கிறார். மாமனார் அதை மட்டும் நின்று பார்த்தார்.

நிலப்பிரபுவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கமெண்டில் வராதீர்கள். குத்தகைக்காரர்கள் கொடுத்த பணத்தில் நடந்த வீடு என்பது எனக்கும் தெரியும். வேலைக்காரருக்குப் பாட்டு எழுதினால் சம்பளம் கூடிவிடாது.

இன்னொரு வயிற்றெரிச்சல். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இப்போது ரெக்ஸம் என்றால் கால்பந்து மைதானம் மட்டும்தான். ஹாலிவுட் நடிகர்கள் இருவர் வாங்கிய அணியாம். வாசலில் போட்டோ எடுத்ததும் அடுத்த நாள் லண்டன். பெட்ரோல் செலவு என்னுடையது.

சரி, உங்கள் பெரியப்பா விஷயம். தடுக்காதீர்கள். பத்திரத்தில் நிபந்தனையைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கூரையை யார் பார்த்துக்கொள்வது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்து.