பழைய பேலரா, புதுப் பேலரா?

வைக்கோல், புல் கட்டும் ரவுண்ட் பேலர் வாங்குவது பற்றி வாசகர்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: என்னிடம் 45 ஹெச்.பி. டிராக்டர் இருக்கிறது. பெரிய கட்டாகக் கட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார்கள். இதில் பெரிய பேலர் பூட்டலாமா?

பதில்: வேண்டாம். 45 ஹெச்.பி. என்பது என்ஜின் கணக்கு. பேலரைச் சுழற்றும் டிராக்டரின் பின்தண்டான பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேரும்போது அது ஏறக்குறைய 38 ஆகிவிடும். 60 செ.மீ. விட்டத்தில் சின்னக் கட்டு போடும் மினி பேலருக்கு இது தாராளம். 120 செ.மீ. விட்டம், 120 செ.மீ. அகலம் என்று போனால் பி.டி.ஓ.விலேயே 50, 60 ஹெச்.பி. இருந்தால்தான் நிம்மதி. ஈரப்புல் கட்டுவதென்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். கட்டு நிறையும் கடைசிக் கட்டத்தில்தான் சுமை உச்சத்துக்குப் போகும். அப்போது டிராக்டர் திணறினால் பி.டி.ஓ. வேகம் நிமிடத்துக்கு 540 சுற்றிலிருந்து இறங்கும். முன்பக்கப் பற்களான பிக்கப் அள்ளியதை உள்ளே தள்ள முடியாமல் வாயிலேயே அடைத்துக்கொள்ளும்.

இழுவையோடு கணக்கு முடிவதில்லை. பெரிய பேலரே சுமார் 2 டன் இருக்கும், உள்ளே 200 கிலோவுக்குக் கட்டு வேறு. சரிவில் இறங்கும்போது இந்த எடை டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். கீழே விழுந்த கட்டைத் தூக்க லோடரும் வேண்டும். மினி பேலர் கட்டு 15 முதல் 25 கிலோ, ஒரு ஆள் தூக்கி வண்டியில் போட்டுவிடலாம். கட்டை யார், எதைக்கொண்டு தூக்குவது என்று முதலில் முடிவு செய்யுங்கள், பேலர் அளவு தானாகவே முடிவாகிவிடும்.

கேள்வி: ரோலர், செயின், பெல்ட் என்று மூன்று விதம் சொல்கிறார்கள். எது உசத்தி?

பதில்: பேலரின் அறைக்குள் வைக்கோலைச் சுழற்றிக் கட்டாக்குவது எது என்பதுதான் இந்த வித்தியாசம். ரோலர் பேலர், செயின் பேலர் பெரும்பாலும் ஒரே அளவுக் கட்டுதான் போடும். அறை நிறையும்வரை வைக்கோல் தளர்வாகப் புரண்டுகொண்டிருக்கும், நிறைந்த பிறகே வெளியிலிருந்து இறுகும். அதனால் ஓடு கெட்டியாகவும் நடு பொதபொதவென்றும் இருக்கும். வயலின் கடைசியில் அரைகுறையாக நிற்கும் கட்டு எப்போதும் தளர்வுதான். பெல்ட் பேலர் முதல் சுற்றிலிருந்தே இறுக்கிக்கொண்டு வரும். விட்டத்தை நாமே வைத்துக்கொள்ளலாம், மற்ற இரண்டையும்விட அதே அளவுக் கட்டில் எடையும் கூடும்.

நொறுங்கும் காய்ந்த வைக்கோலுக்குச் செயினில் சட்டம் பூட்டிய பேலர் நன்றாகப் பிடிக்கும். வழவழப்பான ரோலரில் அது சில நேரம் சுழலாமல் வழுக்கும். ஈரப்புல்லுக்கு ரோலர் சௌகரியம். பெல்ட்டில் செலவு பெல்ட்டேதான். ஒன்று மட்டும் இழுபட்டு நீண்டால் பக்கவாட்டில் ஓடி அடுத்ததன் மேல் ஏறிவிடும், அதனால் பெரும்பாலும் செட்டாகவே மாற்ற வேண்டி வரும். வேலை முழுக்க நெல் வைக்கோல் என்றால் எந்த விதமானாலும் தேய்மானம் சீக்கிரம் வரும். அதிலுள்ள சிலிக்கா, உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்க்கும்.

கேள்வி: 4 வருடம் ஓடிய பேலர் ஒன்று விலைக்கு வருகிறது. மீட்டரில் 6,000 கட்டு காட்டுகிறது. பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. எதையெதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மீட்டரைக் கழற்றி மாற்றிவிடலாம், தேய்மானத்தை மாற்ற முடியாது. புதுப் பெயிண்ட்டைக் கண்டால் சந்தேகம் வருவதே நல்லது. வெல்டிங் ஒட்டுகளையும், பேரிங் சூட்டில் கருகிய இடங்களையும் மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை.

டிராக்டரை நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். பின்கதவைத் தூக்கியதும் ஹைட்ராலிக் பூட்டு வால்வை மூடாமல் தலையை உள்ளே விடாதீர்கள். அந்த வால்வு வேலை செய்யவில்லை என்றால் அதுவே முதல் குறை.

அடுத்தது செயின். 80-ஆம் எண் செயினில் ஒரு கண்ணி 25.4 மி.மீ. செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 12 கண்ணி தள்ளியிருக்கும் பின்னின் நடுவரை டேப்பால் அளங்கள். புதிதில் இது 304.8 மி.மீ. இருக்கும். 311 காட்டினால் 2 சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றும் காலம் வந்துவிட்டது. 314 என்றால் 3 சதவீதம், சுமையில் பல் தாண்டிக் குதிக்கும் நிலை. 60-ஆம் எண் செயினுக்கு இதே 12 கண்ணி 228.6 மி.மீ., 233-ஐத் தாண்டினால் மாற்ற வேண்டியதுதான். செயின் நீண்டது என்கிறோமே தவிர, உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, அந்த இடைவெளியெல்லாம் ஒன்றுசேர்ந்து நீளமாகத் தெரிகிறது. நீண்ட செயின் ஓடிய பல் சக்கரத்தின், அதாவது ஸ்ப்ராக்கெட்டின், பற்கள் கொக்கி மாதிரி ஒரு பக்கம் வளைந்திருக்கும். அதன் மேல் புதுச் செயின் போட்டால் அதையும் சீக்கிரம் தின்றுவிடும். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து விலை விசாரித்து, பேரம் பேசும்போது கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பேரிங். ஒவ்வொரு ரோலரின் இரு முனையிலும் கடப்பாரையை நெம்புகோலாக வைத்து மேலும் கீழும் அசையுங்கள். லொடலொடவென்று ஆடினால் போய்விட்டது. பேரிங் ஓரத்தில் துருநிறப் பொடி, கருத்த கிரீஸ், தண்டில் இறுகச் சுற்றிய வைக்கோல், இந்த மூன்றையும் தேடுங்கள். சுற்றிய வைக்கோல் பேரிங்கை மூடியிருக்கும் சீல் வளையத்தைப் பிய்க்கும், உள்ளே தூசி போகும், பேரிங் சூடேறும். பேலர் தீப்பிடிப்பதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. ரோலர் முனைத் தட்டின் வெல்டிங்கைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிராக்டரோடு பூட்டும் இழுசட்டத்தின் வெல்டிங்கையும் அப்படியே பாருங்கள்.

கியர் பாக்ஸ் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுமினுக்கும் துகள் இருந்தால் பல் தேய்கிறது. பி.டி.ஓ. தண்டின் குறுக்கு மூட்டு ஆடக்கூடாது. தண்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் மாற்றாமல் ஓட்டவே கூடாது. பிக்கப் பற்களில் இரண்டு மூன்று இல்லாதது பெரிய குறையில்லை. ஷியர் போல்ட் இருக்கும் இடத்தில் சாதாரண கெட்டி போல்ட் மாட்டியிருந்தால் அது பெரிய குறை. அடைப்பு வரும்போது உடைய வேண்டிய போல்ட் உடையாமல் கியர் பாக்ஸுக்குப் போயிருக்கும் அடி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவும் பார்த்த பிறகு வயலில் 10 கட்டாவது போடச் சொல்லுங்கள். காலியாகச் சுற்றிக் காட்டுவதில் ஒன்றும் தெரியாது. கட்டு போட்டு முடித்து நிறுத்தியதும், இன்ஃப்ராரெட் வெப்பமானியால் எல்லாப் பேரிங்குகளையும் வரிசையாகப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி சூடாக இருக்க, ஒன்று மட்டும் தனியாக ஏறியிருந்தால் அது இந்த சீசனைத் தாண்டாது. வெறுங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். கட்டு போட மறுக்கிறவரிடம் அந்தப் பேலரை வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

கேள்வி: வாங்கப் போன இடத்தில் போட்டுக் காட்டிய கட்டு ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பி இருந்தது. பேலரில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் ஓட்டிய விதத்தில்தான். வைக்கோல் வரிசை அறையின் அகலத்தைவிடக் குறுகலாக இருக்கும்போது, ஒரே பக்கமாக ஊட்டினால் கட்டு கூம்பாகும். நடுவிலேயே ஊட்டினால் பீப்பாய் மாதிரி ஆகும். கொஞ்ச தூரம் இடது ஓரத்திலும், பிறகு அதே அளவு தூரம் வலது ஓரத்திலும் வரிசை விழும்படி ஓட்ட வேண்டும். பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து ஓட்டினால் நடுவில்தான் அதிகம் சேரும். சரியாக ஊட்டியும் கூம்பாகவே வந்தால், பின்கதவு இரு பக்கமும் சமமாகப் பூட்டுகிறதா, பெல்ட்டுகள் ஒரே நீளமா என்று பாருங்கள்.

கேள்வி: கயிறு கட்டும் பேலர் மலிவாக வருகிறது. வலை சுற்றும் வசதிக்கு அதிகம் கொடுப்பது தேவையா?

பதில்: சீசனுக்குச் சில நூறு கட்டு என்றால் கயிறே போதும். சதுரக் கட்டு பேலரில் மாதிரி இதில் முடிச்சுப் போடும் பாகம் கிடையாது. கயிறு சுற்றும், கத்தி அறுக்கும், அவ்வளவுதான். கோளாறு குறைவு. ஆனால் சுற்றும்போது டிராக்டரை முன்னே ஓட்டாமல் நிறுத்திவைக்க வேண்டும். 1947-இல் அல்லிஸ் சால்மர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்த ரோட்டோ பேலரிலும் இப்படித்தான், இன்றைய பெரும்பாலான ரவுண்ட் பேலர்களிலும் இப்படித்தான். கயிற்றுக்குக் கட்டு 10, 20 சுற்று சுழல வேண்டும். வலைக்கு 2 அல்லது 3 சுற்று போதும். வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு கட்டிலும் மிச்சமாகும் அந்த நேரமே வலையின் விலையைக் கொடுத்துவிடும். சுழற்சி குறைவதால் உதிரும் இலையும் குறைவு. பழையதில் வலை வசதி இருந்தால் ரப்பர் ரோலர் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, கத்தி ஒரே வெட்டில் அறுக்கிறதா என்று பாருங்கள். கயிறோ வலையோ, மாட்டுக்குப் போடும் முன் முழுவதையும் உருவிவிட வேண்டும்.

கேள்வி: புதிதே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். விற்பனையாளரிடம் என்ன கேட்பது?

பதில்: பேரிங், செயின், பிக்கப் பல், ஷியர் போல்ட், கத்தி ஆகியவை அவர் கடையில் இன்றைக்கே இருக்கிறதா என்று கேளுங்கள், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சீசன் நடுவில் ஒரு பேரிங்குக்காக ஒரு வாரம் நிற்பது, விலையில் கிடைத்த தள்ளுபடியைத் தின்றுவிடும். பாகங்களின் எண்ணோடு கூடிய கையேட்டையும் கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள் முழு அழுத்தம் வைக்காதீர்கள். அறைக்குள் பெயிண்ட் தேய்ந்து வழவழப்பாகும்வரை வைக்கோல் சரியாகச் சுழலாமல் சண்டித்தனம் செய்யலாம். புதுச் செயின் முதல் சில மணி நேரத்திலேயே தளரும். அன்று மாலையே இழுத்துவைத்து, எல்லா போல்ட்டையும் ஒருமுறை முடுக்குங்கள்.