குளத்து விளக்கு மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி (ஓசூர்): அண்ணா, பண்ணை வீட்டு நீச்சல் குளத்தில் ஒரு விளக்கு எரியவில்லை. பல்பு மாற்றத் தண்ணீரை எல்லாம் இறைக்கணுமா?

பதில்: வேண்டாங்க. குழிக்குள் பதிக்கும் வகை என்றால் பின்னால் ஒயரைச் சுருட்டி வைத்திருப்பார்கள். மேல்பக்க ஸ்குருவைக் கழற்றி முன்னால் சாய்த்தால் விளக்கு அப்படியே கரைக்கு வரும். ஒயர் எட்டவில்லை என்றால் இழுக்காதீர்கள், நீர்மட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் ஒயர் ஜாயின்ட் மட்டும் கூடவே கூடாது.

கேள்வி (தர்மபுரி): மெயினை இறக்கினால் போதுமா?

பதில்: போதாது. இன்வர்ட்டர் லைனும் ஜெனரேட்டரும் தனி வழியில் வரும். மூன்றையும் இறக்கி, ஸ்விட்ச் போர்டைப் பூட்டுங்கள். மல்டிமீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு விளக்குக்குக் கரண்ட் தரும் டிரான்ஸ்பார்மரின் இன்புட்டில் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். 'இப்போ கரண்ட் கட்தானே' என்று தண்ணீரில் கை வைப்பதுதான் எனக்குப் பயம். அது எந்த நொடியும் திரும்பி வரும்.

கேள்வி (கிருஷ்ணகிரி): ஆர்சிசிபி இருக்கிறதே, காப்பாற்றாதா?

பதில்: கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்தான் ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அவசியம்தான். ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம், 12 வோல்ட் ஒயரில் நடக்கும் கசிவு அதற்குத் தெரியாது. உண்மையான காப்பு, மெயின் லைனோடு நேரடித் தொடர்பில்லாமல் 12 வோல்ட் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர். அதைக் குளத்தின் விளிம்பிலிருந்து 3.5 மீட்டருக்கு அப்பால் வையுங்கள். விளக்கு நேரடி 230 வோல்ட் என்றால் பல்பு மாற்றாதீர்கள், விளக்கையே மாற்றுங்கள்.

கேள்வி (பாலக்கோடு): புது பல்பு போட்டுப் பத்தே நாளில் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. ஏன்?

பதில்: பழைய வாஷரையே திரும்பப் போட்டிருப்பீர்கள். ஒருமுறை அழுந்திய ரப்பர் நிமிராது. கண்ணாடியைத் திறந்தாலே அந்த மாடலுக்கான புது வாஷர் வேண்டும். வாஷர் உட்காரும் காடியைத் துணியால் துடையுங்கள், ஒரு மணல் துகள் இருந்தாலும் கசியும். தடவுவதென்றால் சிலிகான் கிரீஸ் மட்டும். வாசலைன் சில ரப்பரை ஊதவைக்கும். ஸ்குருக்களை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். குழியில் பொருத்தும் முன், கரண்ட் இல்லாமலேயே விளக்கைப் பத்து நிமிடம் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் திரும்பக் கழற்ற வேண்டியதுதான். ஹாலஜன் பல்பைக் கரையில் எரியவைத்துச் சோதித்தால் இரண்டு மூன்று நொடி போதும். அதன் சூட்டைத் தணிப்பதே குளத்துத் தண்ணீர்தான்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): 300 வாட் ஹாலஜன் மங்கலாகவே எரிகிறது. எல்இடி போடலாமா?

பதில்: தாராளமாக. 12 வோல்ட்டில் 300 வாட் என்றால் 25 ஆம்பியர். 20 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டிருந்தால் வழியிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வோல்ட் போய்விடும். 24 வாட் எல்இடிக்கு 2 ஆம்பியர்தான், இழப்பு அரை வோல்ட்டை ஒட்டி. பார் 56 (குளத்து வட்டப் பல்பின் அளவுப் பெயர்), 12 வோல்ட் ஏசி என்று கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர் இருந்தால் லோடு குறைந்து மினுக்கும். செம்புச் சுற்று வகைக்கு மாற்றுங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): ஸ்குரு உப்புப் பிடித்து இறுகிவிட்டது.

பதில்: போர் தண்ணீரின் வேலை. நீர்மட்டத்தை ஸ்குருவுக்குக் கீழே இறக்கி, வினிகர் நனைத்த துணியை அரைமணி நேரம் வையுங்கள். திரும்பப் போடும்போது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்குருவாகப் போடுங்கள்.