பானட்டைத் திறந்தால் வயர்க்காடு

கேள்வி: பழைய டீசல் லாரி ஒன்று வாங்கியிருக்கிறேன். டீசலைச் செலுத்துவது மெக்கானிக்கல் பம்புதான், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஆனால் பானட்டுக்குள் எந்த வயர் எங்கே போகிறதென்றே புரியவில்லை. முன்பு வைத்திருந்தவர்கள் சேர்த்தவை, பாதியில் அறுத்துவிட்டவை என்று ஏகப்பட்டது தொங்குகிறது. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமா?

பதில்: பிய்க்காதீர்கள். வண்டிக்கு உண்மையில் எத்தனை வயர் தேவை என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அழுத்தத்தில் சூடேறிய காற்றிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. எனவே ஓடிக்கொண்டிருக்கும் மெக்கானிக்கல் பம்பு இன்ஜினுக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு வயர்தான்: பம்பில் இருக்கும் கட்-ஆஃப் சொலினாய்டுக்குப் (கரண்ட் இருக்கும்வரை டீசலைத் திறந்துவிட்டு, நின்றதும் அடைக்கும் மின்காந்த வால்வு) போவது. கேபிளை இழுத்து நிறுத்தும் வண்டியில் அதுவும் இருக்காது.

ஸ்டார்ட் செய்ய, செல்ஃப் மோட்டாருக்குத் தடித்த பேட்டரி கேபிள், அதன் சொலினாய்டுக்குச் (இங்கே அது மின்காந்த சுவிட்ச்) சாவியிலிருந்து ஒரு வயர், சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளுக்கு ஒரு லைன். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு பி+ (பேட்டரிக்கு), டி+ (சார்ஜ் விளக்குக்கு) என இரண்டு; ஆர்.பி.எம். மீட்டர் இருந்தால் டபிள்யூ முனையிலிருந்து இன்னொன்று. ஆயில் பிரஷருக்கும் டெம்பரேச்சருக்கும் தலா ஒன்று. இவற்றோடு லைட், ஹாரன், வைப்பர். மற்றதெல்லாம் பின்னால் சேர்ந்ததா என்று சந்தேகப்படலாம்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 'எங்கிருந்து, எங்கே' என்று எழுதுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், வெயிலிலும் எண்ணெயிலும் நிறம் வெளுத்துவிடும், முன்பு வேலை செய்தவர் கையில் கிடைத்த நிறத்தையே போட்டிருப்பார். மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, உபகரணத்திலிருந்து பின்னோக்கித் தேடுங்கள். சாவியிலிருந்து முன்னோக்கித் தேடினால் ஒரு வயர் நாலாகப் பிரியும் இடத்தில் வழி தவறும். ஒரு தாளில் ஒரு சர்க்கியூட் மட்டும் வரையுங்கள். முழு வண்டியையும் ஒரே தாளில் வரைந்தால் மறுபடியும் அதே காடுதான்.

எதற்கென்று தெரியாத வயரை வெட்ட வேண்டாம். கழற்றி, முனையை மூடி, ஓரமாகக் கட்டிவிடுங்கள். பிரேக் லைட், ரிவர்ஸ் லைட், வைப்பர் உட்பட எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தபடி இரண்டு வாரம் ஓட்டுங்கள். எதுவும் நிற்கவில்லை என்றால் அப்போது எடுக்கலாம்.

ஆனால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேராகப் போகும் மெல்லிய வயர்களை இன்றைக்கே கழற்றுங்கள். அவை ஓரிடத்தில் உரசி பாடியைத் தொட்டாலே தீ. எந்தப் புது லைனுக்கும் பேட்டரியிலிருந்து 20 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது உபகரணத்தை அல்ல, வயரை: 1.5 சதுர மி.மீ. வயருக்கு 15 ஆம்பியர், 2.5க்கு 20 ஆம்பியர்.

செல்ஃப் மோட்டார் ஸ்டட்டிலோ (கேபிள் மாட்டும் போல்ட்) பேட்டரி அருகிலோ சாதாரண வயர்போலவே ஒரு சிறு துண்டு இருக்கலாம். அது ஃபியூசிபிள் லிங்க், கரண்ட் எல்லை மீறினால் தானே உருகி அறுபடும் துண்டு. தான் காக்கும் வயரைவிட நான்கு கேஜ் எண் (வயரின் தடிமனைக் குறிக்கும் எண்) மெல்லியதாக வைத்திருப்பார்கள். 'இது என்ன ஒட்டு' என்று அதை எடுத்துவிட்டுச் சாதாரண வயர் போட்டால் முழு ஹார்னஸுக்கும் (வண்டியின் வயர்க் கட்டுக்கும்) காவல் போயிற்று.

கேள்வி: டேஷ்போர்டு மாற்றி வயரிங்கை எளிதாக்கினேன். அதன்பிறகு சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்பதில்லை. கியரில் போட்டு கிளட்ச்சை விட்டுத்தான் நிறுத்துகிறேன். கட்-ஆஃப் சொலினாய்டைப் புதிதாகப் போட்டும் பயனில்லை.

பதில்: இன்ஜின் ஓடும்போது சாவியை அணைத்துவிட்டு, சொலினாய்டு வயரில் வோல்ட்டேஜ் பாருங்கள். பூஜ்யம் காட்டியும் ஓடினால் சொலினாய்டுக்குள் நகரும் தண்டு (பிளஞ்சர்) சிக்கியிருக்கிறது. வோல்ட்டேஜ் இருந்தால் சொலினாய்டின்மேல் குற்றமில்லை, அதற்கு யாரோ கரண்ட் கொடுக்கிறார்கள். அடுத்து ஆல்டர்னேட்டரின் டி+ வயரை மட்டும் உருவுங்கள். உடனே நின்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

பழைய டேஷ்போர்டோடு சார்ஜ் விளக்கும் போயிருக்கும். டி+ வயரைச் சாவி லைனோடு நேராக இணைத்திருப்பீர்கள். ஆல்டர்னேட்டர் சுழலத் தொடங்கியதும் டி+ முனையில் தானே வோல்ட்டேஜ் தருகிறது. அது பின்னோக்கி வந்து சாவி லைனை உயிரோடு வைத்திருக்கிறது. ரோட்டரி வகை டீசல் பம்பின் சொலினாய்டுக்குச் சுமார் 1 ஆம்பியர் போதும் என்பதால், அந்த வழியே வரும் கரண்டிலேயே திறந்து நிற்கிறது.

டி+ முனைக்கும் சாவி லைனுக்கும் நடுவில் 2 அல்லது 3 வாட் பல்பு ஒன்றைத் திரும்பப் போடுங்கள். வெறும் 1 ஆம்பியர் டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) போட்டு முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருக்கும்போது ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரோட்டர் சுருள் அதைவிட அதிகமாக இழுக்கும், டையோடு கருகிவிடும். எல்.இ.டி. விளக்கு என்றால் ஆல்டர்னேட்டரை எழுப்பும் அளவுக்குக் கரண்ட் போகாது. அதற்கு இணையாக 12 வோல்ட்டில் 68 ஓம், 24 வோல்ட்டில் 220 ஓம் ரெசிஸ்டர், இரண்டும் 5 வாட்டில் போடுங்கள்.

சோதிக்கும்போது ஓடும் இன்ஜினில் பேட்டரி கேபிளை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள். ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜ் ஒரே தாவலில் ஏறி டையோடையும் ரெகுலேட்டரையும் கொன்றுவிடும்.

கேள்வி: பேட்டரி புதிது, செல்ஃப் மோட்டாரும் சர்வீஸ் ஆனது. இருந்தும் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது. ஆக்சிலேட்டர் கேபிள் சூடாகிறது, ஒரு தடவை புகையும் வந்தது.

பதில்: கேபிள் சூடாவதே பதில். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேஸிஸுக்கும் இடையிலான எர்த் பட்டை அறுந்தோ கழற்றப்பட்டோ இருக்கும். செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப்போக ஆக்சிலேட்டர் கேபிளை வழியாக்கிக்கொண்டது. உள்கம்பி உறையோடு பற்றிக்கொண்டால், ஓடும்போது ஆக்சிலேட்டர் திரும்பி வராமல் நிற்கும். இதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கட்-ஆஃப் வயரைக் கழற்றிவிட்டால் இன்ஜின் பிடிக்காமல் சுற்றும். அந்த நேரத்தில் அளக்கலாம். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், கிளாம்ப்பில் அல்ல. மறுமுனை செல்ஃப் மோட்டாரின் உடலில். 12 வோல்ட் வண்டியில் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பாசிட்டிவ் கம்பத்துக்கும் மோட்டாரின் பெரிய ஸ்டட்டுக்கும் இடையே 0.5க்குள். வெறும் 5 மில்லி ஓம் தடை இருந்தாலும் 200 ஆம்பியரில் ஒரு வோல்ட் அங்கேயே காணாமல் போகும்.

புது எர்த்தைப் பேட்டரி கேபிளின் அதே தடிமனில், கியர்பாக்ஸ் போல்ட்டிலிருந்து சேஸிஸுக்குப் போடுங்கள். பெயிண்டைப் பளபளவென்று சுரண்டி, முறுக்கி, அதன் பிறகே வாசலின் தடவுங்கள். கேபினும் ரப்பரில்தான் நிற்கிறது. அதற்கும் தனி எர்த் வேண்டும்.

கேள்வி: ஹீட்டர் பிளக் டைமர் கெட்டுவிட்டது. அதற்குப் பதில் புஷ் சுவிட்ச் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாக மட்டும். 12 வோல்ட் பிளக் ஒவ்வொன்றும் தொடக்கத்தில் 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். நாலு சிலிண்டருக்கு 60 வரை போகலாம். ஹாரன் ரிலே இதைத் தாங்காமல் ஒட்டிக்கொள்ளும். 80 ஆம்பியர் ரிலே, 10 சதுர மி.மீ. வயர், 80 ஆம்பியர் பட்டை ஃபியூஸ் போடுங்கள். சுவிட்ச் கையை எடுத்ததும் திரும்பும் வகையாக இருக்கட்டும்.

அதற்கு முன் பிளக்கின் உடலில் பொறித்த வோல்ட்டேஜைப் படியுங்கள். சில பழைய இன்ஜின்களில் 2 வோல்ட்டுக்கும் குறைந்த பிளக்குகள் தொடராக இருக்கும். சிலவற்றில் 6 வோல்ட். நேராக 12 கொடுத்தால் நொடிகளில் போய்விடும். அதிகச் சூட்டில் முனை வீங்கினால் பிளக் ஹெட்டிலிருந்து வெளியே வராது, உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: 24 வோல்ட் வண்டி. ரேடியோவுக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்தப் பேட்டரி எப்போதும் குறை சார்ஜிலும் மற்றது அதிக சார்ஜிலும் இருக்கும். இரண்டுமே சீக்கிரம் கெடும். 24-12 கன்வெர்ட்டர் போடுங்கள்.

கேள்வி: ஒட்டுகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பது நல்லதா, கிரிம்ப் நல்லதா?

பதில்: பானட்டுக்குள் கிரிம்ப், அதாவது வயர் முனையில் மாட்டும் உலோக லக்கை அழுத்திப் பிடிக்கவைப்பது. ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரை விறைப்பாக்கும். டீசல் இன்ஜினின் அதிர்வில், ஈயம் முடியும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். லக்கின் அளவுக்கான கிரிம்ப் கருவி, மேலே உள்பக்கம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடேற்றினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்). இன்சுலேஷன் டேப் சூட்டில் இளகி வழியும், வேண்டாம். ஹார்னஸை 30 செ.மீ.க்கு ஒரு கிளிப் போட்டுப் பிடியுங்கள். இன்ஜெக்டர் பைப்பில் மட்டும் கட்டாதீர்கள். அந்தப் பைப் உரசித் தேய்ந்தால் வயரோடு டீசலும் சேர்ந்துகொள்ளும்.