ஊர் எல்லை தாண்டும் நீருக்குத் திட்டமிடுவது யார்?

கேள்வி: எங்கள் ஏரியின் வரத்துக் கால்வாய் மேலேயுள்ள இரண்டு ஊராட்சிகளைக் கடந்து வருகிறது. அங்கே அது தூர்ந்து, ஆக்கிரமிக்கப்பட்டுக் கிடக்கிறது. எங்கள் கிராம சபையில் மூன்று முறை தீர்மானம் நிறைவேற்றியும் பயனில்லை. அடுத்த ஊரின் நிலத்தைப் பற்றி நாங்கள் தீர்மானம் போட்டு என்ன ஆகும்?
- ஏரிப் பாசன விவசாயி ஒருவர்

பதில்: உங்கள் தீர்மானம் வீணன்று, அது உங்கள் ஊராட்சி எல்லையோடு நின்றுவிடுகிறது, அவ்வளவே. அதே தீர்மானம் மேலுள்ள இரண்டு ஊர்களின் கிராம சபைகளிலும் நிறைவேற வேண்டும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுவதால், அந்த நாள் இதற்குப் பொருத்தமானது. ஆனால் அதற்கு முன்பே அவ்வூர்களுக்கு நேரில் சென்று பேசுங்கள். கால்வாய் அடைபட்டால் மழைக்காலத்தில் முதலில் நீர் தேங்குவது அவர்களுடைய வயல்களிலும் தெருக்களிலும்தான் என்பதால், இது உங்கள் கோரிக்கை மட்டுமன்று.

ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அதனால் பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறையையும், குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்தையும் அணுக வேண்டும்.

பலரும் மறந்துவிட்ட ஓர் அமைப்பும் உண்டு. அரசியலமைப்பின் 243 இசட்-டி (243ZD) பிரிவு, மாவட்டத் திட்டக் குழு என்ற ஒன்றை ஏற்படுத்தி, ஊராட்சிகளும் நகராட்சிகளும் தீட்டும் திட்டங்களை ஒன்றிணைக்கும் பொறுப்பை அதற்கு அளிக்கிறது. நீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் குறைந்தது ஐந்தில் நான்கு பங்கினர், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பவர்கள். இவ்வளவு தெளிவான பொறுப்புள்ள குழுவிடம் மக்கள் கேள்வி கேட்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. மூன்று ஊர்களின் தீர்மானங்களையும் ஒரே மனுவாக அங்கே கொண்டுசெல்லுங்கள்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுற வேண்டாம். கேரளத்தில் பம்பையையும் மணிமலையாற்றையும் இணைத்த வரட்டாறு, மணல் அள்ளலாலும் ஆக்கிரமிப்பாலும் நீரோட்டமிழந்து கிடந்தது. அது பத்தனம்திட்டை, ஆலப்புழை ஆகிய இரு மாவட்டங்களின் உள்ளாட்சிகளைத் தொட்டுச் செல்வது. 2017இல் அந்த உள்ளாட்சிகளும் மக்களும் மாநில அரசும் கைகோத்து அதை மீட்கும் பணியைத் தொடங்கினார்கள். 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் வழியாக, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்து, ஊரிலேயே திட்டமிடும் பழக்கத்தை அம்மாநிலம் வளர்த்திருந்தது. அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது என்றே நான் கருதுகிறேன்.

மனுவோடு கால்வாயின் புல எண்களையும் (சர்வே எண்கள்) புலப்பட நகல்களையும் இணையுங்கள். மூன்று ஊராரின் முன்னிலையில் நில அளவை முடித்து, எல்லைக்கல் நட்ட பிறகு தூர்வாரத் தொடங்குங்கள்.