டோகோவின் பங்கு

கேள்வி: அமெரிக்க வரலாற்றில் நாய்களின் பங்கு என்ன, ஐயா?

பதில்: 'பங்கு என்ன' என்று படித்ததுமே ஐந்து மதிப்பெண் வினா வாசனை அடிக்கிறது. எனக்குப் பங்கு என்றால் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைதான் ஞாபகம் வரும். எங்கள் பங்குச்சந்தைப் பக்கம் எழுதுகிறவருக்கு வேறு ஞாபகம் வரும். அவர் பேச்சைக் கேட்டு நான் வாங்கிய பங்கைப் பற்றி இனி இங்கே வாயைத் திறப்பதில்லை என்று போன தீபாவளிக்கே சத்தியம் செய்துவிட்டேன்.

சரி, நாய்.

1925 ஜனவரி. அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய். கடல் உறைந்து கிடக்கிறது, கப்பல் வராது. ரயில் நிற்கும் நெனானாவிலிருந்து சுமார் 1,085 கிலோமீட்டர். 20 பேர், சுமார் 150 நாய்கள், பனிச்சறுக்கு வண்டியில் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுசேர்த்தார்கள். மருந்தை எதிர்கொள்ளப் போனதும் வாங்கித் திரும்பியதுமாக செப்பாலா என்ற வண்டியோட்டியின் முன்னணி நாய் டோகோ ஓடியது சுமார் 420 கிலோமீட்டர். அதற்கு வயது 12. அந்த வயதில் நம் வீட்டு நாய் சோற்றுத் தட்டு சத்தத்துக்கே ஒரு கண்ணைத்தான் திறக்கும்.

கடைசி 85 கிலோமீட்டர் பால்டோ என்ற இன்னொரு நாயுடையது. அதையும் லேசாகச் சொல்லக்கூடாது. புயலில் வண்டி கவிழ்ந்து, மருந்துப் பொதி பனியில் விழுந்து, ஓட்டியவர் காசன் வெறுங்கையால் துழாவி எடுத்திருக்கிறார். ஆனால் நடுவில் இன்னொருவரிடம் வண்டி மாற வேண்டும். அந்த மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். விளக்கு எரியவில்லை, எழுப்பவில்லை என்று சொல்லிவிட்டு காசன் நேரே நோம் போய்ச் சேர்ந்தார். தன் பங்கோடு அடுத்தவன் பங்கும்! பத்திரிகைகளுக்குக் கடைசியில் வந்தவன்தான் கண்ணில் பட்டான். அதே டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்குச் சிலை. திறப்பு விழாவுக்கு பால்டோவே வந்திருந்தது. செப்பாலாவுக்கு வயிறு எரியாதா? இத்தனைக்கும் பால்டோவும் அவர் வீட்டு நாய்தான். சரக்கு இழுக்கத்தான் லாயக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த நாய்.

சிலை வைத்தால் சோறு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். இரண்டே வருடத்தில் பால்டோ லாஸ் ஏஞ்சலஸில் காசு கொடுத்துப் பார்க்கும் காட்சிப்பொருளாகக் கட்டிக் கிடந்தது. கிளீவ்லாந்து நகரத்து மக்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, 2,000 டாலர் திரட்டி மீட்டார்கள்.

அரசியலில்? 1944 செப்டம்பர் 23 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தன் நாய் ஃபாலாவைச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். 1952இல் அதே செப்டம்பர் 23 அன்று துணை ஜனாதிபதி வேட்பாளர் நிக்சன் தன் வீட்டு நாய்க்குட்டி செக்கர்ஸைச் சொல்லி டி.வி. முன்னால் ஊரை உருக வைத்தார். ஆதரவாளர்கள் திரட்டிக் கொடுத்த 18,000 டாலர் நிதிக்குக் கணக்கு கேட்டால், 'பிள்ளைகளுக்கு வந்த நாய்க்குட்டியை மட்டும் திருப்பித் தரமாட்டேன்' என்று பதில். அவர் துணை ஜனாதிபதி ஆனார். செக்கர்ஸின் பங்கு ரெண்டு பிஸ்கட்டாக இருந்திருக்கும்.

பிஸ்கட் என்றதும்... வேண்டாம், சத்தியம் செய்திருக்கிறேன்.