ஆர் படிக்கவா, ஸ்டேட்டா படிக்கவா? – வாசகர் கேள்வி பதில்

எகனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரக் கேள்விகளுக்குப் புள்ளியியல் வச்சு டேட்டாவுல பதில் தேடறது, அது பத்தி வந்த கடிதங்களை தனியா எடுத்து வச்சிருந்தேன், இந்த இதழ்ல அதுக்கு மட்டும் பதில் சொல்லிடறேன்.

கேள்வி: சார், எம்.ஏ. எகனாமிக்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுல ரெக்ரஷன் (ஒண்ணு மாறினா இன்னொண்ணு எவ்வளவு மாறுதுன்னு டேட்டாவுல அளக்கற முறை) கண்டிப்பா இருக்கணும்னு கைடு சொல்லிட்டாங்க. லேப்ல புள்ளியியல் சாஃப்ட்வேர்னு எஸ்.பி.எஸ்.எஸ். மட்டும்தான் இருக்கு, ஸ்டேட்டா வாங்க காசு இல்ல, சீனியர் ஒருத்தர் க்ராக் வெர்ஷன் தர்றேங்கிறார். எதைக் கத்துக்கிட்டா எகனாமெட்ரிக்ஸ் வரும்?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: க்ராக் வேணாம்மா. வைரஸ் பயம் ஒரு பக்கம், நாளைக்கு பேப்பர் அனுப்பும்போது எந்த சாஃப்ட்வேர்னு எழுதணுமே அது இன்னொரு பக்கம். ஸ்டேட்டா செய்யற வேலையைச் செய்யற ஆர்ங்கிற சாஃப்ட்வேர் இலவசம். நியூசிலாந்துல ஆக்லாந்து யுனிவர்சிட்டியில ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன்னு ரெண்டு பேர் 1990-கள்ல ஆரம்பிச்சது, இன்னிக்கு உலகம் பூரா ஆராய்ச்சி பண்றவங்க அதுலதான் வேலை பாக்கறாங்க. ப்ரோக்ராம் கோடு அடிக்கவே பயமா இருக்குன்னா கிரெட்டில்னு ஒண்ணு இருக்கு, அதுவும் காசு இல்லாம கிடைக்கும், மெனுவுல க்ளிக் பண்ணியே ரெக்ரஷன் போட்டுடலாம், முதல் ஒரு மாசத்துக்கு அது தாராளம்.

ஆனா எதைக் கத்துக்கிட்டா எகனாமெட்ரிக்ஸ் வரும்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கவலையே. மிக்ஸியில கல்லைப் போட்டா சத்தமாவது வரும், ரெக்ரஷன்ல தப்பான கேள்வியைப் போட்டா ஒரு சத்தமும் வராது, ரிசல்ட் தற்செயல் இல்லைன்னு காட்டற மூணு ஸ்டாரோட அழகா டேபிள் வந்து உக்காந்துக்கும்.

இன்னிக்கு ராத்திரியே ஒண்ணு செஞ்சு பாருங்க. ஆர் இன்ஸ்டால் பண்ணினதும் கூடவே எம்.டி.கார்ஸ்னு ஒரு குட்டி டேட்டா வரும், 1974-ல மோட்டார் ட்ரெண்ட்ங்கிற அமெரிக்கப் பத்திரிகையில வந்த 32 கார்களோட விவரம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி 19, சராசரி மைலேஜ் கேலனுக்கு 17.15 மைல். மேனுவல் கியர் வண்டி 13, சராசரி 24.39. மைலேஜை கியர் மேல ரெக்ரஸ் பண்ணினா கோஎஃபிஷியன்ட், அதாவது ரெக்ரஷன் சொல்ற வித்தியாசம், 7.24. பி-வேல்யூ, அதாவது உண்மையில வித்தியாசமே இல்லைன்னாலும் தற்செயலா இவ்வளவு வர்ற வாய்ப்பு, 0.0003. மேனுவல் கியர் போட்டா கேலனுக்கு 7 மைல் கூடக் கிடைக்கும்னு உடனே எழுதிடத் தோணும், நிறைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இந்த இடத்துலயே முடிஞ்சிடுது. இப்ப வண்டியோட எடையை இன்னொரு வேரியபிளா சேர்த்துப் பாருங்க. அந்த 7.24 இருந்த இடம் தெரியாம மைனஸ் 0.02 ஆயிடும், பி-வேல்யூ 0.99. என்ன ஆச்சுன்னா, அந்த லிஸ்ட்ல ஆட்டோமேட்டிக் வண்டிங்க சராசரியா 3,769 பவுண்டு, மேனுவல் வண்டிங்க 2,411 பவுண்டுதான். பெட்ரோல் குடிச்சது எடை, பேர் கிடைச்சது கியருக்கு.

இதை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா உங்க டேட்டாவுல அந்த எடை எதுன்னு தேட ஆரம்பிச்சிடுவீங்க. படிச்சவங்களுக்கு சம்பளம் அதிகம்னு போடறீங்கன்னு வைங்க, அவங்களைப் படிக்க வச்ச வீட்டோட வசதி உங்க டேட்டாவோட எந்த நெடுவரிசையில இருக்கு? இல்லைன்னா என்ன பண்ணப் போறீங்க? அதைத் தேடறதுதான்மா எகனாமெட்ரிக்ஸ், அதை ஸ்டேட்டாவும் கேக்காது ஆரும் கேக்காது.

கேள்வி: டிஃப்-இன்-டிஃப்னு (ரெண்டு குழுவோட முன்-பின் மாற்றத்தை ஒப்பிடற முறை) எல்லா செமினார்லயும் சொல்றாங்க, கமாண்ட் தெரியும், ரிசல்ட்டும் வருது, ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு யாராவது கேட்டா முழிக்கிறேன்.
– பிஎச்.டி. மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கமாண்டை ஓரமா வச்சுட்டு ஒரு பேப்பர் பேனா எடுங்க தம்பி, நாலே நம்பர்தான். 1992 ஏப்ரல் 1-ம் தேதி அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச கூலியை மணிக்கு 4.25 டாலர்லேர்ந்து 5.05 டாலர் ஆக்கிச்சு, பக்கத்து மாநிலம் பென்சில்வேனியாவுல ஏத்தல. கூலி ஏறினா வேலை குறையுமான்னு பாக்க டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் ரெண்டு மாநிலத்துலயும் சேர்த்து 410 ஃபாஸ்ட் ஃபுட் கடைகள்ல, கூலி ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஏறின பிறகு ஒரு தடவை கணக்கெடுத்தாங்க. முழுநேர ஆளா மாத்திக் கணக்குப் பண்ணினா நியூ ஜெர்சியில ஒரு கடைக்கு 20.44 பேர் இருந்தது 21.03 ஆச்சு. பென்சில்வேனியாவுல 23.33 இருந்தது 21.17 ஆச்சு.

கழிச்சுப் பாருங்க. நியூ ஜெர்சியில 0.59 கூடியிருக்கு, பென்சில்வேனியாவுல 2.16 குறைஞ்சிருக்கு, ரெண்டுக்கும் இடைவெளி 2.75. அவங்க 1994-ல போட்ட பேப்பர்ல 2.76-னு இருக்கும், அது ரவுண்டிங் வித்தியாசம். நீங்க ரெக்ரஷன்ல இன்டராக்ஷன் டெர்ம்னு, நியூ ஜெர்சியையும் கூலி ஏறின பிறகுங்கிறதையும் பெருக்கி ஒண்ணு சேக்கறீங்களே, அதோட கோஎஃபிஷியன்ட் இதே நம்பர்தான், ரெக்ரஷன் புதுசா எதையும் கண்டுபிடிக்கல, ஸ்டாண்டர்ட் எரரும் (நம்பர் எவ்வளவு தள்ளாடலாம்ங்கிற அளவு) கண்ட்ரோலும் (மத்த காரணங்களைக் கணக்குல எடுக்கற வேரியபிள்) சேர்த்துக்கிற வசதியைத்தான் தருது. கூலி ஏறாம இருந்திருந்தா நியூ ஜெர்சியும் பென்சில்வேனியா மாதிரியே போயிருக்கும்ங்கிற அனுமானத்துலதான் மொத்தமும் நிக்குது, செமினார்ல முழிக்காம இருக்கணும்னா அந்த ஒரு வரியை உங்க ஊர், உங்க டேட்டாவுக்குப் பொருத்தி நியாயம் சொல்லப் பழகுங்க. கார்டையும் க்ரூகரையும் கூட யாரும் சும்மா விடல, நியூமார்க், வாஷர்னு ரெண்டு பேர் சம்பளப் பட்டியல் டேட்டாவை வச்சு, கூலி ஏறியும் வேலை குறையலைங்கிற அவங்க முடிவை மறுத்தாங்க, கார்டும் க்ரூகரும் 2000-ல பதில் எழுதினாங்க. கார்டுக்கு 2021-ல நோபல் கிடைச்சப்போ க்ரூகர் உயிரோட இல்ல, 2019-லயே போயிட்டார்.

கேள்வி: தொண்டு நிறுவனத்துல சர்வே டேட்டா பாக்கறேன். 60 வயசுக்கு மேல உள்ளவங்கன்னு ஸ்டேட்டாவுல ஒரு டம்மி (ஆமான்னா 1, இல்லைன்னா 0) போட்டா கிராமத்துல பாதிப் பேர் முதியவங்கன்னு வருது, எங்க தப்பு?
– வாசகி, சென்னை

பதில்: வயசு எழுதாம விட்ட ஃபார்ம் நிறைய இருக்கான்னு முதல்ல பாருங்க, அனேகமா அதுதான். ஸ்டேட்டாவுல விடுபட்ட மதிப்பு ஒரு புள்ளியா நிக்கும், அந்தப் புள்ளியை அது எல்லா எண்ணையும்விடப் பெரிசா எடுத்துக்கும். 60-க்கு மேலன்னு நீங்க கேட்டா வயசே தெரியாதவங்க எல்லாரையும் முதியவங்க வரிசையில உக்கார வச்சிடும், எரர் ஒண்ணும் காட்டாது. வயசு விடுபடாம இருந்தா மட்டும்னு கமாண்ட் கடைசியில ஒரு நிபந்தனை சேருங்க, சரியாயிடும். இதுல ஆர் வேற மாதிரி, விடுபட்டதை விடுபட்டதாவே வச்சிருக்கும், சராசரி கேட்டா கூட நம்பர் தராம என்.ஏ.னு காட்டி நம்மளை நிறுத்தும், ஆரம்பத்துல எரிச்சலா இருந்தாலும் எனக்கு அந்தக் குணம் ரொம்பப் பிடிக்கும். எதுல பண்ணினாலும் புது வேரியபிள் ஒண்ணு செஞ்சா உடனே டேபிள் போட்டு எண்ணிப் பாருங்க, பத்து ஃபார்மை கையில வச்சுக்கிட்டு வரி வரியா ஒத்துப் பாருங்க.

கேள்வி: அதே டேட்டா, அதே ரெக்ரஷன், கோஎஃபிஷியன்ட் ஒண்ணா வருது, ஆனா ரோபஸ்ட் ஸ்டாண்டர்ட் எரர் மட்டும் ஸ்டேட்டாவுல ஒண்ணு, ஆர்-ல ஒண்ணு. எதை நம்பறது?
– உதவிப் பேராசிரியர், திருச்சி

பதில்: ரெண்டுமே சரிதாங்க. டேட்டாவோட சிதறல் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இல்லைன்னாலும் பொருந்துற மாதிரி கணக்குப் போடற எரர்தான் ரோபஸ்ட், அதுக்கு ஒண்ணுக்கு மேல ஃபார்முலா இருக்கு. ஸ்டேட்டாவுல ரோபஸ்ட்னு போட்டா ஹெச்.சி.1 ஃபார்முலா ஓடும், ஆர்-ல சாண்ட்விச் பேக்கேஜ் நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா ஹெச்.சி.3 எடுத்துக்கும். டைப் ஹெச்.சி.1-னு குடுத்துப் பாருங்க, ஒத்துப்போகும். பேப்பர்ல எதைப் போட்டீங்கன்னு ஒரு வரி எழுதிடுங்க.

கேள்வி: வேற ஒருத்தர் பேப்பரோட டேபிளைத் திரும்பப் போட்டுப் பழகலாம்னா என் கைடு அதெல்லாம் ஆராய்ச்சியே இல்லைங்கிறார். நேர விரயமா சார்?
– மாணவர், மதுரை

பதில்: கைடு மேல மரியாதையோடவே சொல்றேன், இதைவிட நல்ல பழக்கம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. அரசாங்கக் கடன் ஜி.டி.பி.யில 90 சதவீதத்தைத் தாண்டினா வளர்ச்சி படுத்துடும்னு ரைன்ஹார்ட், ரோகாஃப்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2010-ல ஒரு பேப்பர் போட்டாங்க, அதைக் காட்டியே பல நாட்டுல செலவைக் குறைக்கணும்னு பேசினாங்க. மாசசூசெட்ஸ் யுனிவர்சிட்டி ஆம்ஹர்ஸ்ட்ல தாமஸ் ஹெர்ண்டன்னு ஒரு மாணவர், எகனாமெட்ரிக்ஸ் வகுப்புல ஒரு பேப்பரை திரும்பப் போட்டுக் காட்டுன்னு குடுத்த ஹோம்வொர்க்குக்கு இதை எடுத்தார். எவ்வளவு முயற்சி பண்ணியும் நம்பர் வரல. பேப்பர் எழுதினவங்ககிட்டயே கேட்டு எக்செல் ஃபைலை வாங்கித் திறந்தா, சராசரி போட்ட ஃபார்முலா அஞ்சு வரிக்கு முன்னாடியே நின்னிருக்கு, ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் அஞ்சும் கணக்குலயே வரல. அதோட சில வருஷங்களை விட்டது, சராசரி எடுத்த விதம் எல்லாத்தையும் சரி பண்ணினப்போ கடன் 90 சதவீதத்தைத் தாண்டின நாடுகளுக்கு மைனஸ் 0.1 சதவீதம்னு இருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதம் ஆச்சு. 2013-ல அவரும் அவரோட ரெண்டு ஆசிரியர்களும் சேர்ந்து வெளியிட்டாங்க.

அதனால டேட்டாவும் கோடும் வெளியில கிடைக்கிற ஒரு பேப்பரா எடுத்து முதல் டேபிளை மட்டும் போடுங்க, சராசரியும் எண்ணிக்கையும் ஒத்து வந்தப்புறம் ரெக்ரஷனுக்குப் போங்க, எல்லாத்தையும் ஒரே ஸ்கிரிப்ட்ல எழுதி வைங்க, எக்செல்ல கை வைக்காதீங்க. கைடு அப்பவும் ஒத்துக்கலைன்னா தீசிஸ்ல பின்னிணைப்பா வைக்கலாமான்னு கேட்டுப் பாருங்க, அதுக்கு பெரும்பாலும் சரின்னுடுவாங்க.